80-இல் கட்டிப்போட்ட கார்

பழைய கார் விளம்பரங்களை மேய்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே வெள்ளை நிறம். ஆனால் ஒன்றைவிட இன்னொன்று லட்சக்கணக்கில் விலை குறைவு. என்னடா இவ்ளோ சல்லிசா இருக்கே என்று உள்ளே போய்ப் படித்தால், கடைசியில் ஒரு வரி இருக்கும்: "டி போர்டில் இருந்து ஓன் போர்டு மாற்றியது." போன் போட்டுக் கேட்டால் இன்னொரு விவரமும் வரும். "வண்டி 80-க்கு மேல போகாது ப்ரோ, ஸ்பீடு லாக் இருக்கு. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், அரை மணி நேரத்துல எடுத்துக் குடுத்துருவார்."

படிப்பு முடித்து வேலைக்குப் போகும் நம்மில் பலர் வாங்கப் போகும் முதல் கார் இப்படிப்பட்ட ஒரு முன்னாள் டாக்ஸியாகத்தான் இருக்கும். வீட்டில் டாக்ஸி ஓடித்தான் ஃபீஸ் கட்டுகிறோம் என்கிற நண்பர்களும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அதனால் அந்த "அரை மணி நேர வேலை" பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெர்மிட்டில் ஓடிக்கொண்டிருக்கும் டாக்ஸியில் அந்த லாக்கைத் தொடக் கூடாது. முறையாக ஓன் போர்டு ஆகிவிட்ட காரில் எடுக்கலாம், ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. நம்ம ஊரில் எல்லாரும் அதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறார்கள்.

அந்த 80 எங்கிருந்து வந்தது? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118-ஆவது விதி. 2015-இல் அதைத் திருத்தி, அந்த வருடம் அக்டோபர் 1 முதல் தயாராகும் போக்குவரத்து வாகனங்களில் ஸ்பீடு கவர்னர் பொருத்தி, வேகத்தை 80 கிலோமீட்டரில் நிறுத்த வேண்டும் என்றார்கள். டேங்கர், டம்பர், பள்ளிப் பேருந்து போன்றவற்றுக்கு 60. டூவீலர், ஆட்டோ, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி இவற்றுக்கெல்லாம் விலக்கு. மஞ்சள் போர்டு கார்கள் பின்னால் இதற்குள் வந்து சேர்ந்தன. கருவி எப்படி இருக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் தரநிலையின் பெயர் ஏஐஎஸ்-018.

"போக்குவரத்து வாகனம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டத்தின் மொழியில் அது தொழிலுக்கு ஓடும் வண்டி. வீட்டு உபயோகக் காருக்கு இந்த விதி கிடையாது. 2019 ஜூலைக்குப் பிறகு வரும் கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒரு சத்தம் வரும், 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். அவ்வளவுதான். மாமா காரில் ஊருக்குப் போகும்போது கேட்டு எரிச்சலானீர்களே, அந்த "டிங் டிங்" இதுதான். ஆக, ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து இறங்கிய இரண்டு கார்களில் வெள்ளை போர்டுக்கு மணி, மஞ்சள் போர்டுக்குப் பூட்டு. டாக்ஸி டிரைவர்கள் இதைச் சொல்லிக் கொதிப்பார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. நீங்கள் பெடலை மிதித்தால் அதில் இருக்கும் சென்சார் "இவ்வளவு மிதித்திருக்கிறான்" என்று வோல்டேஜாக ஈசியுவுக்குச் சொல்கிறது. எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள் என்று முடிவெடுப்பது ஈசியு. கம்பெனியில் போட்ட பூட்டு என்பது இந்த ஈசியுவின் மென்பொருளுக்குள் இருக்கும் ஓர் எண். சக்கர வேகம் அந்த எண்ணை நெருங்கியதும் பெட்ரோல் வண்டியில் த்ராட்டிலை மூடும், டீசல் வண்டியில் ஊசிவழி போகும் எரிபொருளைக் குறைக்கும். ஓட்டுகிறவருக்குப் பெடல் செத்த மாதிரி இருக்கும். பிரேக்கை அது தொடாது. ஆகவே மலையிறக்கத்தில் வண்டி 80-ஐத் தாண்டி உருண்டால் இந்தப் பூட்டு காப்பாற்றாது. "லாக் இருக்கு, பயமில்ல" என்று நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வகை, வெளியிலிருந்து மாட்டிய பெட்டி. பெடலுக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பீடு சென்சார் வயரையும் ஒட்டுக்கேட்கும். 80 வரை பெடல் சொல்வதை அப்படியே கடத்தும். அதற்கு மேல் பொய் சொல்லும்: நீங்கள் முழுசாக மிதித்தாலும் "பாதிதான் மிதிக்கிறார்" என்று ஈசியுவிடம் சொல்லிவிடும். ரொம்பப் பழைய டீசல் வண்டிகளில் எரிபொருள் குழாயிலேயே ஒரு சோலனாய்டு வால்வைப் போட்டிருப்பார்கள்.

இப்போது அந்த "நம்ம ஆள்" என்ன செய்வார்? பெட்டி வகை என்றால் வயரை வெட்டி நேராகச் சேர்த்து டேப் சுற்றிவிடுவார். பார்க்க ரொம்ப எளிது. ஆனால் பெடல் சென்சாரில் ஒரு தடம் இல்லை, இரண்டு தடம் உண்டு. பல வண்டிகளில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதில் பாதி. ஈசியு இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஈசிஇ நண்பர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ரிடண்டன்சி என்று முதல் வருடமே படித்திருப்பார்கள். டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் இறங்கினாலோ, அதிர்வில் ஒரு இழை அறுந்தாலோ இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. உடனே ஈசியு பெடல் மேல் இருந்த நம்பிக்கையை விட்டுவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி லிம்ப் மோடுக்குப் போய் நடை வேகத்தில் ஊரும். இது அந்த வொர்க்‌ஷாப் வாசலில் நடக்காது. திண்டிவனம் தாண்டி, வலது லேனில், பின்னால் ஒரு ஆம்னி பஸ் லைட் அடித்துக்கொண்டு வரும்போதுதான் நடக்கும்.

ஈசியுவுக்குள் இருக்கும் பூட்டு என்றால் லேப்டாப் வரும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் மாட்டி, உள்ளே இருக்கும் ஃபைலை எடுத்து, எண்ணை மாற்றி, செக்சம் சரிசெய்து, திரும்ப எழுத வேண்டும். எழுதும்போது பேட்டரி இறங்கினால் ஈசியு செங்கல். ஆனால் நான் அதிகம் பயப்படுவது அதற்கில்லை. உங்கள் காரின் ஃபைலில் அந்த ஒரு எண்ணை மட்டும் கண்டுபிடித்து மாற்றும் பொறுமை எல்லா டியூனருக்கும் இருக்காது. எங்கிருந்தோ வந்த, "இதே மாடல்தான்" என்கிற ஒரு ஃபைலை அப்படியே ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. அந்த ஃபைலில் வேகம் மட்டுமா மாறியிருக்கும்? புகை, டார்க், ஸ்பார்க் நேரம் என்று என்னென்ன மாறியது என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. டாக்ஸிகளில் சிஎன்ஜி வண்டிகள் நிறைய. அதன் மேப் பெட்ரோல் வண்டியின் மேப்பிலிருந்து வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் பாஷையில் சொன்னால், எந்த மாற்றம் என்றே பார்க்காமல், ரிவ்யூ இல்லாமல், நேராக ப்ரொடக்‌ஷனில் தள்ளிய கோட். அதுவும் நீங்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டப் போகிற ப்ரொடக்‌ஷன்.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார்: "அதே கார்தானே ஓன் போர்டில் 140 போகுது? அதே பிரேக், அதே சேஸிஸ். அப்புறம் என்ன?" நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குச் சிலர் "டாக்ஸி கார் அந்த வேகத்தைத் தாங்காது" என்று பதில் சொல்வார்கள். அது சரியில்லை. புதிதாக இறங்கியபோது தாங்கும். கேள்வி புதுக் காரைப் பற்றியதில்லை. நீங்கள் வாங்குவது லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய கார். அந்தக் கிலோமீட்டர் முழுவதும் 80-க்குள்ளேயே ஓடியது.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் பேலன்ஸ் கெட்டிருந்தால் ஸ்டியரிங் நடுக்கம் பெரும்பாலும் 80-இலிருந்து 110-க்குள்தான் தலைகாட்டும். அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ், ஆடும் பால் ஜாயின்ட், முனகும் வீல் பேரிங், லேசாக வளைந்த ரிம் இவையெல்லாம் 70-இல் சமத்துப் பிள்ளைகள். அந்தக் காரை ஐந்தாறு வருடம் ஓட்டிய டிரைவரிடம் கேட்டால், "வண்டி பட்டு மாதிரி இருக்கும் தம்பி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த வேகத்தில் அது பட்டுதான். 110-இல் அந்தக் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர் நீங்கள், அதுவும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும். எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210 வரை தாங்கும் என்று பொருள். "அப்போ 120 எல்லாம் ஜுஜுபி" என்று தோன்றும். அந்த எழுத்து, சரியான காற்றழுத்தத்தில், சரியான பாரத்தில், நல்ல நிலையில் இருக்கும் டயருக்கானது. பக்கத்திலேயே நான்கு இலக்கத்தில் தயாரிப்பு வாரமும் வருடமும் இருக்கும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். டாக்ஸியில் டயர் மாற்றுவது வரவு செலவுக் கணக்கு பார்த்துத்தான் நடக்கும். விற்கப் போகிற வண்டிக்குப் புது டயர் போடுகிறவர் அபூர்வம்.

சரி, காரும் டயரும் பக்காவாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். எதிரே ஏதோ குறுக்கே வருகிறது. பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி. அதற்குப் பிறகு நல்ல பிரேக், காய்ந்த ரோடு, விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. 80-இல் வந்தால் அந்த ஒரு விநாடியில் 22 மீட்டர், பிரேக்கில் 35 மீட்டர், மொத்தம் 57 மீட்டர் சொச்சத்தில் நிற்கும். 120-இல் வந்தால் 33 மீட்டரும் 79 மீட்டரும் சேர்ந்து 112 மீட்டர் சொச்சம். இது வரைக்கும் எல்லாரும் எங்கேயாவது படித்திருப்பீர்கள். அடுத்த படியைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை: 80-இல் வந்த கார் முழுசாக நின்றுவிட்ட அந்த இடத்தில், 120-இல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்? மனசில் 40, 50 என்று ஏதோ வரும். பேனாவை எடுத்துப் போடுங்கள். 120-இன் வர்க்கத்திலிருந்து 24 மீட்டர் பிரேக் பிடித்ததைக் கழித்தால் விடை மணிக்கு 100 கிலோமீட்டர். இவர் நின்றுவிட்டார், அவர் இன்னும் 100-இல் இருக்கிறார். நான் முதலில் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று ஹாஸ்டலில் இன்னொருவரைப் போடச் சொன்னேன். அதே விடைதான்.

சென்னை–திருச்சி சாலையில் போனவர்களுக்கு அந்த "குறுக்கே வரும் ஏதோ" என்ன என்று விளக்க வேண்டாம். பெயர் தேசிய நெடுஞ்சாலை. ஆனால் மீடியனில் இடைவெளி, அதில் யூ-டர்ன் எடுக்கும் டிராக்டர், டோல்கேட் தாண்டியதும் தவறான பக்கத்தில் நமக்கு எதிரே வரும் பைக், பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கும் ஆயா. 2018-இல் மத்திய அரசு கார்களின் அதிகபட்ச வேகத்தை எக்ஸ்பிரஸ்வேயில் 120, நான்கு வழிச் சாலையில் 100 என்று உயர்த்தி அறிவித்தது. 2021-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அந்த அளவுக்கு இந்த எண்கள் நம் சாலையில் சர்ச்சைக்குரியவை. 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அமைச்சகத்தின் அறிக்கை. போலீஸ் பதிவில் வேறு காரணம் தேட அலுப்புப்பட்டு "அதிவேகம்" என்று எழுதிவிடுவதும் உண்டு என்பதால் அந்த 71-ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பாதி என்று வைத்தாலே எத்தனை பேர் என்று பாருங்கள்.

இனி டிரைவர்களின் பக்கம். அவர்கள் சொல்வதில் மிக வலுவானது ஓவர்டேக். இருவழிச் சாலையில் 60-இல் போகும் லாரியைத் தாண்ட வேண்டும். லாரி நீளம், நம் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 55 மீட்டர் என்று வையுங்கள். 80-இல் பூட்டிய காருக்கு அதைக் கடக்க 10 விநாடி. அதற்குள் நாம் 220 மீட்டர் போயிருப்போம். எதிரே ஒருவர் 80-இல் வந்தால் அவரும் 220 மீட்டர். ஆக 440 மீட்டர் காலி ரோடு வேண்டும். பூட்டு இல்லாமல் 100-இல் தாண்டினால் 5 விநாடி, 250 மீட்டர் போதும். "பாதி வழியில பெடல் செத்துப் போகுது சார், உயிரே போயிரும்" என்று டிரைவர் சொன்னால், அவர் சொல்வது கணக்குப்படி சரி.

இதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பூட்டோடு ஓட்டுகிறவருக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும்: தன்னிடம் 80-க்கு மேல் இல்லை. அரை கிலோமீட்டர் காலியாகத் தெரியாமல் அவர் வெளியே எட்டிப் பார்க்க மாட்டார். ஒரு வாரம் ஓட்டினால் போதும், கண் பழகிவிடும். ஆபத்து யாருக்கு என்றால், பூட்டு இருப்பதை மறந்து ஏறுகிறவருக்கு. அதைவிட, பூட்டை எடுத்துவிட்டு 250 மீட்டரே போதும் என்று ஏறி, எதிரே வருகிறவரும் 80 இல்லை 110-இல் வருகிறார் என்று பாதி வழியில் கண்டுபிடிக்கிறவருக்கு. தன் காரின் பூட்டை எடுக்கும் ஒவ்வொருவரும் மற்றவர்களின் கணக்கையும் சேர்த்துத்தான் கெடுக்கிறார்.

அவர்களின் இன்னொரு வாதம் எனக்குப் பிடித்தது: "வெள்ளை போர்டுக்காரன் 140-ல பறக்கிறான், எனக்கு மட்டும் என்ன பூட்டு?" இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே பதில், நாள் முழுக்க ரோட்டிலேயே இருப்பவருக்கும், மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவருக்கும் ஆபத்துக்கு ஆளாகும் நேரம் ஒன்றல்ல என்பதுதான். அதுவும் முழுத் திருப்தியான பதில் இல்லை. அந்த 140-காரருக்கும் ஏதாவது வேண்டும். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து பதிவாகும் எல்லாப் புதுக் கார்களிலும், அந்தந்தச் சாலையின் வேக வரம்பை அறிந்து டிரைவருக்குச் சொல்லும் அமைப்பு கட்டாயம். டிரைவர் நினைத்தால் அதை மீறி மிதிக்கலாம். வால்வோ 2020-இலிருந்து தன் கார்கள் எல்லாவற்றையும் 180-இல் தானாகவே பூட்டியது. ஜெர்மன் கம்பெனிகள் பல வருடங்களாக 250 என்று தங்களுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டன. ஜப்பானில் அது 180.

அந்த ஜப்பான் விவகாரத்தில் ஒரு சுவாரசியம். 2007-இல் வந்த நிசான் ஜிடி-ஆர் காருக்கும் அந்த ஊரில் 180-இல் பூட்டு. ஆனால் காரில் இருக்கும் நேவிகேஷன், வண்டி ஒரு ரேஸ் டிராக்கில் நிற்கிறது என்று கண்டுகொண்டால் பூட்டைத் திறக்க அனுமதிக்கும். டிராக்கை விட்டு வெளியே வந்தால் பழையபடி 180. எவ்வளவு வேகம் என்பதைவிட எந்த இடத்தில் என்பதைக் கேட்கும் பூட்டு. நம்ம ஊர் 80, ஆள் நடமாட்டமில்லாத ஆறு வழிச் சாலையிலும் 80, சந்தைக் கூட்டத்துக்குள்ளும் 80. சந்தைக்கு அது ரொம்ப அதிகம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புக்கு அலைகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், நான் ராயல்டி கேட்க மாட்டேன்.

நம்மிடம் நடப்பதோ வேறு. எஃப்சி காட்டும் நாளில் கவர்னர் வேலை செய்யும், மறுநாள் தூங்கிவிடும். புதுசில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எட்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை வண்டி எஃப்சிக்குப் போகிறது. நடுவில் அந்தப் பெட்டியை யாரும் கேட்பதில்லை. கழற்றி மாட்ட வசதியாக, பைபாஸுக்கு ஒரு ஸ்விட்சே வைத்துக் கொடுக்கிறார்கள். நம் இன்ஜினியரிங் மூளை இதற்கெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மாட்டினால் என்ன? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி தந்த விவரங்களிலிருந்து வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "5,000 தானே" என்று சிரிப்பீர்கள். இன்சூரன்ஸுக்கு வாருங்கள். சொந்தச் சேதத்துக்கு கிளெய்ம் போடும்போது சர்வேயர் வருவார். சொல்லாமல் செய்த மாற்றம் கண்ணில் பட்டால் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அதுவே ஒரு பிடி. பெர்மிட் வண்டியில், அந்தக் காரே வீட்டின் வருமானம் என்றால், அரை மணி நேர வேலைக்கு எவ்வளவு பணயம் என்று நீங்களே பாருங்கள்.

இதோடு ஒட்டியது ஒன்று, கேம்பஸுக்குள்ளேயே நடப்பது. 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் இருக்கும் மின் ஸ்கூட்டருக்கு ஆர்சி வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஒரு வயரைக் கழற்றினால் 45 போகிறது என்று கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று நம் பார்க்கிங்கிலேயே எண்ணலாம். கழற்றிய அந்த நிமிடத்திலிருந்து அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ஜூனியர் யாராவது மேல் இடித்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தருவார் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

டிரைவர் எதற்காகப் பூட்டை எடுக்கிறார் என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஐவி போகும்போது வேனில் பின்சீட்டிலிருந்து "அண்ணா, கொஞ்சம் மிதிங்கண்ணா" என்று கத்துவது யார்? அதிகாலை ஃபிளைட்டுக்கு விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குக் கடைசி நேரத்தில் வண்டி புக் பண்ணிவிட்டு, "80-லயே போறீங்களே, வேற வண்டி கிடைக்கலையா உங்களுக்கு" என்று முகம் சுளிப்பது யார்? ஒரு நாளைக்கு இத்தனை டிரிப் அடித்தால்தான் டியூ கட்ட முடியும் என்கிற கணக்கு ஒரு பக்கம், நம் அவசரம் இன்னொரு பக்கம். 80-இல் 160 கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம், 100-இல் போனால் 24 நிமிடம் மிச்சம். அதுவும் காகிதக் கணக்கு. வழியில் இரண்டு டோல், ஒரு டீ, பெருங்களத்தூர் நெரிசல் இதிலேயே பாதி கரைந்துவிடும். அரை மணி நேரம் முன்னால் கிளம்பச் சொன்னால் எந்த டிரைவரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

டி போர்டிலிருந்து வந்த காரை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டீர்களா, தாராளமாக வாங்குங்கள். நல்ல கார்கள் அதில் உண்டு. பெர்மிட் சரண்டர் ஆகி, வரி வித்தியாசம் கட்டி, ஆர்சியில் சொந்த உபயோகம் என்று ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போர்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தது மட்டும் மாற்றம் ஆகாது. இன்சூரன்ஸ் பாலிசியும் டாக்ஸி பாலிசியிலிருந்து தனியார் காருக்கு மாற வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு லிஃப்டில் ஏற்றிப் புஷ், பால் ஜாயின்ட், பேரிங், பிரேக் டிஸ்க் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். டயர் தேதி பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஆர்சியை எடுத்துக்கொண்டு போய், இது இப்போது போக்குவரத்து வாகனம் இல்லை, பூட்டை எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று கேளுங்கள். உங்கள் காரில் இருப்பது ஈசியு பூட்டா, வெளிப் பெட்டியா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். எடுத்துக் கொடுத்தால், என்ன செய்தார்கள் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன்னால், வாங்குகிற அன்றே பூட்டோடு ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். 78, 79-இல் ஸ்டியரிங் மேல் இரண்டு விரல் மட்டும் லேசாக வைத்துப் பார்த்தால் போதும். அங்கேயே நடுங்கினால் லாக் பேச்சை விட்டுவிட்டு, நேராக வீல் பேலன்சிங் கடைக்கு வண்டியைத் திருப்புங்கள்.